படிக்காமல் போட்ட கையெழுத்து

அவரிடம் கேள்வி கேட்க ஊரில் எல்லோருக்கும் பயம். கோபக்காரர் என்பதால் அல்ல. கேட்டால் பதில் சொல்லிவிடுவார், அதுதான் காரணம்.

வஞ்சியூர் கோர்ட்டில் அவர் வக்கீலாக இருந்தபோது பாத்திரக்கடைக்காரர் ஒருவர் வழக்கோடு வந்தார். கட்டுக் கட்டாகக் காகிதங்களைப் பரப்பிவைத்துவிட்டு, "கேஸு ஜெயிக்கும்லா சார்?" என்று கேட்டார். இவர் முகத்தைக்கூட மாற்றவில்லை. "ஜெயிக்காது. தப்பு உம்ம பேர்லயாக்கும். வேற வக்கீலப் பாத்தாலும் ஜெயிக்காது. ராஜியாப் போறதுன்னா சொல்லும், நான் பேசுகேன்" என்றார். கடைக்காரர் வேறு வக்கீலிடம் போய்த் தோற்றார். அடுத்த வழக்குக்கு இவரிடமே வந்தார்.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவும்போது பெண்ணின் தகப்பனார் வழக்கம்போல "எல்லாம் எப்படி?" என்று கேட்பார். "பாயசம் கொள்ளாம். அவியல்ல உப்பு கூடுதல்" என்று சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். கேட்டதை மறைக்கமாட்டார். அவருடைய கொள்கை அவ்வளவுதான். கட்சி, கொடி எல்லாம் பிறகு வந்தவை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் பெயரில் நான் எழுதியது போதும்.

பதினொரு வருஷம் நான் அவருடைய டைப்பிஸ்ட். அவரைவிட இரண்டு வயது மூத்தவன். இரண்டு பேருடைய குடும்பமும் நாஞ்சில்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவை. அவர் வீட்டார் சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்து நிலைத்தவர்கள். என் தகப்பனார் அதே தெருவில் இன்னொருவர் கடையில் கணக்கெழுதி நிலைக்காமலே போனவர். அவர் என்னை "ஓய்" என்பார். நான் அவரை சார் என்பேன். அவர் பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கித் தருவதை நான் இங்கிலீஷில் ஒழுங்காக அடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி வைத்துக் கொடுப்பேன். அவர் புள்ளியைத் தேடிக் கையெழுத்துப் போடுவார். ஒரு வரிகூடப் படிக்கமாட்டார்.

"ஒருக்கா வாசிச்சுப் பாருங்க சார்" என்று ஆரம்ப நாட்களில் சொல்லிப் பார்த்தேன்.

"உம்ம விரலு தப்பு செய்யாது ஓய்" என்றார்.

வழக்குக்கு வருகிறவர்களிடம் மட்டும் அவர் நேர்மாறு. "ஒப்புப் போட்டாச்சுன்னா அது உம்ம வாக்கு. வாசிக்காமப் போட்டேன்னு நாளைக்குக் கோர்ட்டுல நின்னு அழப்பிடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். கையெழுத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பு என்றுதான் சொல்வது. ஊருக்கெல்லாம் சொன்ன சட்டத்தை என் விஷயத்தில் மட்டும் அவர் தளர்த்தியிருந்தார் என்பதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அவருடன் தாணு இருந்தார். கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் ஓட்டு வீடு ஒன்றில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். தாணுவுக்கு ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வேலை. மெலிந்த ஆள். முன்பல் சற்றுத் தூக்கலாக இருப்பதால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். மருந்துப் புட்டியில் வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஒட்டுகிற காகிதப் பட்டையை அவர் கத்தரியால் பல் பல்லாக வெட்டுவதை வேடிக்கை பார்க்கவே பிள்ளைகள் நிற்கும். சந்தில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் ஊசி போடுவது அவர்தான்.

ஊருக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது. தாணுவை அவருடைய கூட்டுகாரன், அதாவது சிநேகிதன், என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எதையும் வைக்காமலும் இருக்கலாம். கேட்காதவரை எல்லோருக்கும் சௌகரியம்.

முதலில் கேட்டவர் ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தாதான். அவருக்கு அது வேலை, கேட்காமல் என்ன செய்வார். நானும் அன்று அங்கே இருந்தேன். வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டு அடுத்த பெயராகத் தாணுமாலயன் என்று எழுதி, உறவு என்ன என்றார்.

"குடும்பம்" என்றார் இவர்.

"அனியனோ, சேட்டனோ, சாரே?"

"தம்பியுமில்ல, அண்ணனுமில்ல. குடும்பம்."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கார்டு வந்தபோது அதில் வாடகைக்காரர் என்று எழுதியிருந்தது. "வாடகை ஒண்ணும் வாங்கல்லையே, பொய்யாட்டு எப்படி எழுதலாம்?" என்று இவர் அந்த ஆபீசுக்கு நான்கு முறை நடந்தார். நான்காவது முறை, குடும்பாங்கம் என்று திருத்தி, பக்கத்தில் சீல் குத்தி வாங்கிக்கொண்டு வந்தார். தாணு அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வேட்டிகளுக்கு நடுவே வைத்தார். ரேஷன் கடைக்குப் போகும்போது அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவார். மழை நாளில் குடையைக் கார்டுக்குப் பிடிப்பாரோ தனக்குப் பிடிப்பாரோ என்று நான் கேலி செய்வதுண்டு.

நான் உத்தமன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொண்டுபோனேன். உறையில் அவர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். என் சம்பந்தி வீட்டார் ஆசாரக்காரர்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாணுவுக்கு இல்லையா ஓய்?"

"சேத்துத்தான் சார்."

"சேத்துன்னா பேரு வேணும்லா?"

நான் பேனாவைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தடவினேன். பேனா இருந்தது. எடுக்கவில்லை. அவர் உறையை மேஜைமேல் வைத்து, "அப்போ நான் வரல்ல. பிள்ளைக்கு நல்லா இருக்கட்டும்" என்றார். கோபம் இல்லை. மறுநாள் வழக்கம்போல நான் அடித்த காகிதங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவர் அரசியலுக்கு வந்தது தண்ணீரால். எங்கள் சந்துகளில் குழாய் கிடையாது. கார்ப்பரேஷன் கவுன்சிலராக நின்று ஜெயித்து, ஆபீஸ் ஆபீசாக மனு கொடுத்து, நான் மனு அடித்து அடித்து விரல் காய்த்து, கடைசியில் ஒருநாள் காலை குழாயில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. அடுத்த சட்டசபைத் தேர்தலுக்குக் கட்சி ஆள் தேடியபோது எல்லோர் வாயிலும் இவர் பெயர் வந்தது. "நல்ல மனுஷனாணு, பக்ஷே..." என்பார்கள். 'ஆனால்' என்கிற அந்த 'பக்ஷே'க்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். வேறு ஆள் கிடைக்காததால் அவரையே நிறுத்தினார்கள்.

எதிர்த்தரப்பு நோட்டீஸ் அடித்தது. பெயர் போடாமல், படம் போடாமல், ஆனால் இவரையும் தாணுவையும் பற்றித்தான் என்று வாசித்தவர்களுக்கெல்லாம் புரிகிற மாதிரி. கட்சிச் செயலாளர் ஓடிவந்து, இதற்குப் பதிலே சொல்லவேண்டாம் என்றார். "என்னட்ட ஆரும் ஒண்ணும் கேக்கல்லையே, நான் எதுக்குப் பதில் சொல்லணும்?" என்றார் இவர். செயலாளருக்கு உயிர் வந்தது. ஆளை அவருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், கரமனை முக்கில் கூட்டம். இவர் சாக்கடைத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சைக்கிள் கடைப் பக்கத்திலிருந்து ஒருவன் கையை வாயில் குவித்துக் கத்தினான்.

"வக்கீலே, வீட்டுல கூட இருக்கது ஆரு? அதச் சொல்லும் பாப்போம்!"

செயலாளர் மைக்கைப் பிடுங்க எழுந்தார். இவர் இடது கையால் அவரைத் தடுத்துக்கொண்டே பேசினார்.

"தாணுமாலயன். கம்பவுண்டர். உங்க பாதிப் பேருக்கு ஊசி போட்டவன். கல்யாணம் கழிச்ச ரெண்டு பேரு எப்படி ஒரு வீட்டுல இருப்பாங்களோ, அவனும் நானும் அப்படித்தான் இருக்கோம். பதினாலு வருஷமாட்டு. இதுக்குச் சட்டத்துல சிட்சை உண்டு, எனக்குத் தெரியும், நான் வக்கீலாக்கும். கேக்கணும்னா போலீஸ் வந்து கேக்கட்டும், அவங்களுக்கும் இதைத்தான் சொல்லுகேன். இனி சாக்கடைக்கு வருவோம்."

சாக்கடைக்கு அவர் வருவதற்குள் கல் வந்தது. அவர்மேல் அல்ல. மேடைக்குக் கீழே என் பக்கத்தில் நின்றிருந்த தாணுவின் புருவத்தில் பட்டது. தாணு தன் கைக்குட்டையைத் தானே மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நாலு தையல் வரும்" என்று எனக்குச் சொன்னார், வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி.

மறுநாள் டாக்டர் தாணுவை இனி வரவேண்டாம் என்றார். அந்த வாரமே சுசீந்திரத்திலிருந்து தாணுவின் தங்கை கடிதம் போட்டாள், அம்மாவின் திதிக்கு வந்துவிடாதே என்று. கடிதத்தைத் தாணு படித்துக் காட்டிவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இவர் நாற்காலியைத் தாணுவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நான் இல்லேன்னு சொல்லியிருக்கணுமா தாணு?"

"சொல்லப்பிடாது" என்றார் தாணு. "வேலை போட்டும். தங்கச்சி போட்டும். ஊரறிய நீ எனக்க பேரச் சொன்னேல்லா? எனக்கு அது போதும்." கட்டுக்குக் கீழே கண் வீங்கியிருந்தது. கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

இதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் நான் செய்ததை, இதைக் கேட்ட பிறகுதான் செய்தேன்.

அவர் ஜெயித்தார். வோட்டுச் சாவடி வரிசையில் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நின்றவளிடம், "நம்ம தாணுதானே, அதுக்கென்ன இப்போ? குழாய்ல தண்ணி வருதுல்லா?" என்று சொன்னதாக என் மனைவி வந்து சொன்னாள். அவள் ஒரு காலத்தில் "அந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கேரா?" என்று என்னைக் கேட்டவள். கல்லடிபட்ட பிறகு தாணுவுக்கு உள்ளித்தீயல் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

சில மாதங்களில் மந்திரிசபை ஆட்டம் கண்டு, கூட்டணி மாறி, புதிய மந்திரிசபை அமைக்கிற பேச்சு வந்தது. கட்சிக்கு ஒரு இடம். திறமையும் கைச்சுத்தமும் உள்ளவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது இவரைத்தான். பழைய 'பக்ஷே'யும் கூடவே வந்தது.

அந்த நேரத்தில்தான் அந்தப் படிவம் வந்தது. சட்டசபை உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பைப் புத்தகமாகப் போடுவார்கள். அதற்கு ஒவ்வொருவரும் படிவம் நிரப்பித் தரவேண்டும். பிறந்த ஊர், படிப்பு, தொழில், குடும்பம். இவர் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். குடும்பம் என்ற இடத்தில், தாணுமாலயன், கம்பவுண்டர் என்று இருந்தது. தாணு அதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இப்போ வேலையில்லாதவன்னுல்லா எழுதணும்" என்றார். இவர், "கம்பவுண்டரு கம்பவுண்டருதான்" என்றார். இரண்டு பேரும் அன்று சந்தோஷமாக இருந்தார்கள்.

கட்சிச் செயலாளர் செக்ரட்டேரியட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு என்னை அழைத்துப் போனார். இவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார். அதனால் என்னிடம் வந்தார்கள்.

"பிள்ளே, புத்தகத்துல அச்சாயிப் போச்சுன்னா தீர்ந்து. மைக்குல பறஞ்சது காத்தோட போகும். அச்சு போகுமோ? மேல உள்ளவங்க இந்த ஒரு வரிக்குத்தான் பயப்படுந்நு. அவரு பொய் பறயவேண்டா. நிங்ஙள் அடிக்கும்போ ஒரு வார்த்தை. அவரு வாசிக்க மாட்டாருன்னு எல்லாருக்கும் அறியாம்."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். மந்திரியின் ஆபீசில் எனக்கும் ஒரு இடம் உண்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அது எனக்கே தெரியும். அவர் மந்திரியானால் எத்தனை சந்துக்குத் தண்ணீர் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நன்மைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஊரில் எனக்கு மரியாதை கிடைக்கப்போகிறது, அதைத் தாணுவின் பெயர் தடுக்கிறது. அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் குடும்பம் என்ற இடத்தில் 'பேச்சிலர்' என்று அடித்தேன். கட்டைப் பிரம்மசாரி. பென்சில் காகிதத்தைக் கிழித்து அடுப்புக்குக் கொடுத்தேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் புள்ளி வைத்தேன். அவர் வாசலில் நின்று யாரிடமோ சாக்கடைக் குழாய் பற்றிப் பேசிக்கொண்டே, என் முதுகை மேஜையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை முதுகில் ஊர்ந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

பதவியேற்ற அன்று தாணுதான் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தார். பாஸ் வாங்கிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். புருவத் தழும்பு நன்றாகவே தெரிந்தது. இவர் சத்தியப் பிரமாணம் முடித்துத் தலையை நிமிர்த்தி முதலில் பார்த்தது மூன்றாவது வரிசையைத்தான்.

பத்து நாளில் அந்தப் புத்தகம் வந்தது. அதைப் பார்த்துப் பத்திரிகைக்காரர் ஒருவர், மந்திரிசபையில் ஒரு பிரம்மசாரி என்று படத்தோடு நாலு பத்தி தமாஷாக எழுதிவிட்டார். பெண் வைத்திருக்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி.

நான் காலையில் போனபோது பத்திரிகையும் புத்தகமும் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தன. தாணு நின்றுகொண்டிருந்தார். தோசை தட்டில் ஆறிப் போயிருந்தது.

"படிவத்துக்க நகல் உண்டா ஓய்?" என்று இவர் கேட்டார்.

பையில் இருந்தது. கொடுத்தேன். அவர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். நான் அடித்த ஒரு காகிதத்தை அவர் படித்து அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அடியில் தன் கையெழுத்தை விரலால் ஒருமுறை தொட்டார்.

"ஒப்பு எனக்கதாக்கும்" என்றார்.

"நீ பென்சில்ல எழுதினது நான் பாத்தேன்லா" என்றார் தாணு. "பொறவு மாத்தி எழுதிக் கொடுத்தியா? மந்திரி ஆகணும்னா சொல்லியிருக்கலாம்லா. நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓய், நீராவது சொல்லும். இவன் எழுதித் தந்ததா இது?"

நான் பையை மூடினேன்.

"அவருட்ட கேக்காண்டாம் தாணு" என்றார் இவர். "ஒப்புப் போட்டவன் நான். வாசிக்காமப் போட்டேன்னு சொல்லப்பிடாது. இது எனக்க வாக்காக்கும்."

அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்காமலே தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு விரல் போதும். காட்டவில்லை. அத்தனை வருஷமாக ஏழை பாழைகளுக்கெல்லாம் சொன்ன சட்டத்தைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தேன் என்பதற்கு இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை, பயம் என்பதைத் தவிர.

அன்றைக்கே அவர் திருத்தக் கடிதம் எழுதவைத்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புத்தகம் அச்சாகிவிட்டது, புதிய சபை வரும்போது திருத்திக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கோபித்தார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. யாரைப் பற்றிக் கவலைப்பட்டாரோ அந்தத் தாணு அதற்குள் வீட்டைவிட்டுப் போயிருந்தார்.

பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கம்பவுண்டர் வேண்டும் என்று எப்போதோ வந்த விளம்பரத்தைத் தாணு வெட்டி வைத்திருந்தார். ஒரு டிரங்குப் பெட்டியோடு காலை பஸ்ஸில் போனார். வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "அவனுக்குப் பிரஷர் உண்டு, மாத்திரைய மறப்பான், பாத்துக்கிடும்" என்றார் தாணு. நான் தலையாட்டினேன். பஸ் கிளம்பிப் போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாள்மணையை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுத்த பஸ்ஸுக்குப் போய்ச் சொல்லும்" என்றாள். "இப்போ வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். "உமக்கா, அவருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அரியத் தொடங்கினாள். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்காமலே என்னைத் தண்டித்தாள்.

மந்திரி ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. நான் அடித்த ஒவ்வொரு காகிதத்தையும் அவர் படித்தார். இரண்டு வரி ரசீதானாலும் படித்தார். நான் புள்ளி வைப்பதை நிறுத்திக்கொண்டேன். அவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். வாழ்நாள் முழுக்கக் கேள்விக்குப் பதில் சொன்ன மனிதர், என்னிடம் மட்டும் கேள்வியையே கேட்கவில்லை.

ஒருமுறை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளைப் பார்வையிட என்று அவர் பொன்முடிக்குப் போனார். பார்வையிட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். டிஸ்பென்சரி வாசலில் தாணு மற்ற சிப்பந்திகளோடு வரிசையில் நின்றார். இவருக்கு மலைக் குளிரில் இருமல். தாணு உள்ளே போய் ஒரு புட்டி மிக்சர் கலக்கி, காகிதப் பட்டையைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தார்.

"மூணு வேளை, மந்திரி சார்" என்றார்.

இவர் புட்டியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். கொண்டையூசி வளைவுகள் எல்லாம் முடிகிறவரை அதை மடியில் வைத்திருந்தார். அடிவாரத்தில் வந்து, "ரேஷன் கார்டுல பேரு வெட்ட அவன் வரவேயில்ல ஓய்" என்றார். ஊர் மாறிப் போகிறவர்கள் பழைய கார்டில் பெயரை வெட்டிச் சீட்டு வாங்கினால்தான் புதிய இடத்தில் ரேஷன் அரிசி கிடைக்கும். தாணு வெட்டவில்லை. வெளிக்கடையில் கூடுதல் விலைக்கு அரிசி வாங்கித் தின்றுகொண்டு மலையில் இருந்தார். கரமனை அலமாரியில் அவர் பெயர் குடும்பாங்கமாகவே இருந்தது. நீங்கள் ஒருதரம் நேரில் கூப்பிட்டால் வந்துவிடுவார் சார் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்தவன் யார்?

இரண்டாவது மழைக்காலத்தில் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான். நெஞ்சுவலி, காலையில் தாணு டிஸ்பென்சரி திறக்க வரவில்லை என்று போய்ப் பார்த்திருக்கிறார்கள். சுசீந்திரத்துக்குத் தந்தி கொடுத்தும் பதில் இல்லை. யாராவது பொறுப்பெடுத்து உடலை வாங்கிக்கொள்ளவேண்டும்.

சர்க்கார் கார் வேண்டாம் என்று வாடகைக் கார் பிடிக்கச் சொன்னார். மழையில் போனோம். எஸ்டேட் மானேஜர் மந்திரி வருகிறார் என்று நாற்காலியில் துண்டு விரித்து வைத்திருந்தார். இவர் உட்காரவில்லை. உள்ளே போய்த் தாணுவின் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். போர்வையை விலக்கி, புருவத் தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். நான் வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அங்கே அழுவதற்கும் எனக்குப் பாத்தியதை இல்லை என்று தோன்றியது.

எஸ்டேட் குமாஸ்தா திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வயதானவர். உடலை ஒப்படைக்கும் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். பெறுபவர் பெயரை அவரே எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"ஐயா, மன்னிக்கணும். இறந்துபோனவருக்கு நீங்க என்ன உறவுன்னு எழுதணும்?"

இவர் தலையை நிமிர்த்தினார். பதில் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். எந்தக் கேள்விக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"எங்கிட்ட கேக்காண்டாம்" என்றார். என்னைக் கையால் காட்டினார். "அவருட்ட கேளும். எனக்க வீட்டு விஷயம் எழுதுகது அவராக்கும்."

குமாஸ்தா பேனாவை என்னிடம் நீட்டினார். அந்தக் கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதினேன். குமாஸ்தா எட்டிப் பார்த்து, "அப்படி ஒரு உறவு எழுதுறதில்லையே, அண்ணன் தம்பின்னு ஏதாவது..." என்று இழுத்தார். "இதுதான் உறவு. இப்படியே இருக்கட்டும்" என்றேன். அந்த வார்த்தையை நான் இரண்டு வருஷம் முந்தி, ஒரு சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டும்.

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், வெகுநாளைக்குப் பிறகு, சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். அவர் வந்து குனிந்தார். புள்ளியைத் தேடிக் கையெழுத்துப் போட்டார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, தாணுவைத் தூக்க உள்ளே போனார்.

அதை மன்னிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. நான் உள்ளதை உள்ளபடி எழுதிய அன்றைக்கு மட்டும் அவர் படித்திருக்கலாம்.